மொய்யும் குத்தும்

காலையில் வேலையிடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எனக்கு மொய் வைக்கிறார்கள். வாசற்கதவைத் திறந்துவிடும் பெரியவர் மொய் என்கிறார். படியில் எதிரே இறங்கி வரும் பெண் மொய் என்கிறாள். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு என் மேசைக்குப் போவதற்குள் நான்கைந்து மொய் விழுந்துவிடுகிறது. ஃபின்லாந்து நாட்டில் வணக்கத்துக்கு அதுதான் சொல். வந்த புதிதில், விசேஷ வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழைந்துவிட்டவன் போல எனக்குக் கூச்சமாக இருக்கும். திண்டுக்கல்காரனுக்கு மொய் என்று காதில் விழுந்தால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். இப்போது கை போவதில்லை, நானும் மொய் என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஆனால் கிளம்பும்போது இங்கே அதையே இரண்டு தரம் சொல்ல வேண்டும். மொய் மொய் என்றால் போய்வருகிறேன் என்று அர்த்தம். வரும்போது ஒன்று, போகும்போது இரண்டு. வாங்கியதற்கு ஒன்று கூட்டித் திருப்பிச் செய்கிற நம் ஊர் வழக்கம் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு சிரித்த நாட்கள் உண்டு.

தாம்பெரே என்ற இந்த ஊரில், காகித ஆலைகளுக்கு உருளை செய்யும் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. பேச்சுக்கு அவசியமில்லாத வேலை. பேச்செல்லாம் எனக்குத் திண்டுக்கல்லில் இருந்தது, அதுவும் எழுத்தில். வலைப்பூக்கள் காலத்திலிருந்தே எங்கள் ஊரில் அரசியல் எழுதும் ஒரு சின்னக் கூட்டம் உண்டு. உலகம் காணொளிக்கும் கைப்பேசிக் குழுக்களுக்கும் போன பிறகும் நாங்கள் கொஞ்சம் பேர் பிடிவாதமாக வலைப்பூவிலேயே கிடந்தோம். அங்கே பின்னூட்டம் போடுவதற்கு எங்களுக்குள் இருந்த பெயர், மொய் எழுதுவது.

இந்தக் கூட்டத்தின் இரண்டு தூண்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஞானப்பிரகாசம், நாகல் நகர்ப் பக்கம் வீடு, பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். என்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தாமதமாகப் போகும் கிறித்தவர். இன்னொருவர் முருகேசன், சொந்த ஊர் நெய்க்காரப்பட்டி, பிழைக்க வந்து திண்டுக்கல்லில் விதைக்கடை வைத்தவர். இவருக்கு ஒரு கட்சி, அவருக்கு அதற்கு நேர் எதிர்க்கட்சி. பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு வம்பு வரும் காலம் இது, அதனால் விட்டுவிடுகிறேன். எனக்குக் கட்சி கிடையாது. ஆகவே இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வது என் பங்கு.

ஊரில் இருந்த காலத்தில் இவர்கள் இருவரையும் முதலில் படிக்க மட்டும்தான் செய்தேன். அவர் எழுதியதை இவர் நார் நாராகக் கிழிப்பார், இவர் எழுதியதை அவர் துவைத்துத் தொங்கவிடுவார். நேரில் பார்த்தால் கைகலப்பு ஆகிவிடும் என்றே நம்பியிருந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு புரோட்டாக் கடையில் பதிவர் சந்திப்பு என்று அறிவித்தார்கள். சண்டையை விலக்கிவிடும் எண்ணத்தோடு கொஞ்சம் முன்னதாகவே போய் நின்றேன். ஒரே மொபெட்டில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். முருகேசன் ஓட்ட, பின்னால் ஆயக்குடிக் கொய்யாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஞானம் சார். இறங்கியதும் சார் என்னிடம் கொய்யா ஒன்றை நீட்டி, "சாப்புடு அப்பு. இவன் கட்சியில நல்லதுன்னு இருக்கறது இது ஒண்ணுதான்" என்றார். "ஏனுங்க, அதுவும் எங்க தோப்புலதாங்க காய்க்குது, கட்சியில இல்லீங்க" என்றார் முருகேசன். அன்றிலிருந்து நான் அவர்களுடைய ஆள்.

மொய் எழுதுவதற்கு எழுதாத விதிகள் இருந்தன. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் வாசிப்பது மாதிரியே எழுத வேண்டும். சார் ஒரு பதிவு போட்டால் கீழே, "நெய்க்காரப்பட்டி விதைக்கடை முருகேசன் வகையறா, தேங்காய் ஒன்று, குத்து ரெண்டு" என்று வந்து விழும். அடுத்து இரண்டு குத்துகள். சார் அதை வாங்கி வைத்துக்கொண்டு, முருகேசன் அடுத்த பதிவு எழுதும்போது மூன்றாகத் திருப்பிச் செய்வார். வீட்டுப் பெண்களை இழுக்கக் கூடாது, சாதி மதம் கூடாது, வியாதியைச் சொல்லக் கூடாது. முடிவில் 'டிஸ்கி' என்று ஒரு வரி போட வேண்டும். பொறுப்புத் துறப்பு என்பதற்குப் பதிவர்கள் வைத்த செல்லப்பெயர் அது. முருகேசனின் டிஸ்கி எப்போதும் ஒன்றுதான்: வாத்தியார் மனசு தங்கமுங்க, கட்சிதான் பித்தாளை. இணையத்தில் எவ்வளவு சூடாகப் போனாலும் சாயங்காலம் இருவரும் ஒரே தேநீர்க் கடையில் ஒரே வடையைப் பிட்டுத் தின்பார்கள். கேலி செய்யாமல் ஒருவன் பேசினால் அவனுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை நம்பி நான் இங்கே ஒருமுறை மூக்கை உடைத்துக்கொண்டேன். என்னோடு வேலை பார்க்கும் ஹெலி என்ற அம்மாள், புல்லா என்று இவர்கள் சொல்லும் ஏலக்காய் ரொட்டி செய்து கொண்டுவந்தார். ஏலக்காய் மணத்துக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிரியத்தில், இதை வைத்து ஆணி அடிக்கலாம் போலிருக்கிறதே என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நம் ஊராக இருந்தால், தின்னுறது ஓசி, இதுல வாய் வேற என்று திரும்பி வந்திருக்கும். ஹெலி தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். மறுநாள் என் மேசைக்கு வந்து 'ஆன்டேக்ஸி' என்றார். மன்னிக்க வேண்டும் என்று பொருள். அடுப்புச் சூடு கூடிவிட்டதாம், இனி குறைத்து வைப்பாராம். நான் விளையாட்டுக்குச் சொன்னேன் என்று விளக்க விளக்க, அவர் முகம் இன்னும் குழம்பியது. ரொட்டி நன்றாக இருந்தது என்றால் ஏன் நன்றாக இல்லை என்று சொன்னாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் வராமல் காஹ்வி என்று இவர்கள் சொல்லும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனேன். இங்கே இருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு ரொட்டி இருக்கும்.

தேர்தல் வந்தது. முருகேசன் கட்சியின் வேட்பாளர் வாக்குறுதிகளை வாரி இறைத்தார். சிறுமலைக்கு மணிக்கொரு பேருந்து விடுவேன் என்றார். இருக்கிற இரண்டொரு வண்டியே கொண்டை ஊசி வளைவில் மூச்சு வாங்கி நிற்கும் ஊரில் இதைக் கேட்டதும் ஞானம் சாருக்குக் கை பரபரத்துவிட்டது. ஒரு பதிவு போட்டார். காதணி விழா அழைப்பிதழ் மாதிரியே, ஓரத்தில் பூ வேலையெல்லாம் வைத்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் அண்ணன் வேட்பாளர் அவர்கள் திண்டுக்கல் வாழ் பொதுமக்களுக்குக் காது குத்த இருக்கிறார், தாய்மாமனாக இருந்து மடியில் உட்கார வைப்பவர் விதைக்கடை முருகேசன், அனைவரும் தவறாமல் காதோடு வருக. நான் சோதனைக் கூடத்தில் உருளையைச் சுழலவிட்டுவிட்டு இதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். ஹெலி உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

முருகேசன் உடனே மொய் எழுதினார். "ஏனுங்க வாத்தியாரே, போன தடவை உங்காளு குத்துன ஓட்டையே இன்னும் தூந்து போகலைங்க. அதுலயே கம்மலை மாட்டிக்கலாமுங்களா?" அருமையான குத்து. சாருக்கு அதைவிட நல்லது ஒன்று உடனே கிடைக்கவில்லை போல. "ஞாயித்துக்கெழம குத்து உறுதிலே முருகேசா. தயாரா இரு" என்று எழுதினார். காது குத்துக்கு என்றால் சீர் வேண்டாமா? நானும் என் பங்குக்கு ஓடிப் போய், "பொருள் ஃபின்லாந்துலருந்து வந்துக்கிட்டு இருக்கு" என்று எழுதினேன். சீர்ப்பொருளைத்தான் சொன்னேன். அதற்குக் கீழே ஆறேழு பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது.

வேட்பாளரின் இணையப் பிரிவுக்கென்று வெளியூரிலிருந்து சில இளைஞர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அழைப்பிதழை விட்டுவிட்டார்கள். முருகேசனின் கம்மலையும் விட்டுவிட்டார்கள். சாரின் ஒரு வரியையும் என் ஒரு வரியையும் மட்டும் கத்தரித்துப் படமாக்கி ஊர் முழுக்கச் சுற்றவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குத்து உறுதி, பொருள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. பொருள் என்றால் அடிதடிக்காரர்கள் பேச்சில் ஆயுதம். அடுத்த நாள் காவல் நிலையத்தில் அவர்களின் புகார், அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் விசாரணை. கட்சித் தொண்டருக்குக் கொலை மிரட்டல் விடுத்த ஆசிரியர் என்று ஒரு காணொளி. அதில் என் பழைய பதிவர் சந்திப்புப் படமும் வந்தது, புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுச் சதி என்று கீழே எழுத்து ஓடுகிறது. நமக்கு வேண்டியவர்கள் நாலு பேர் பார்த்துச் சிரிக்க எழுதியது நாற்பது தெருவுக்குப் போனால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

சாருக்குப் பணி ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் வழக்கு என்று ஒன்று பதிவானால் வேலையும் நிற்கும், அதற்குப் பின்னால் வர வேண்டியதும் நிற்கும். நான் இருப்புக்கொள்ளாமல் அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் விளக்கி நீளமாக ஒரு பதிவு எழுதி வைத்திருக்கிறேன், இப்போதே போடட்டுமா என்றேன்.

"ஏலே அப்பு, நீ ஒண்ணும் எழுதிப்புடாத" என்றார். "நீ வெளக்கம் சொல்லச் சொல்ல, பாத்தியா வெளிநாட்டுக்காரன் வரிஞ்சுகட்டிக்கிட்டு வாரான்னு சொல்லுவாய்ங்க. செத்த நேரம் சும்மா இரு. அதுதான் நீ எனக்குச் செய்யிற ஒத்தாசை."

காவல் நிலையத்தில் நடந்ததை அவரே சொன்னார். ஆய்வாளர் மரியாதையாகத்தான் நடத்தினாராம். அந்த இரண்டு வரியை வாசித்துக் காட்டச் சொன்னபோது எழுந்து நின்ற காவலர், சாரிடமே தமிழ் படித்தவர். "ஒத்து மிகுற எடத்துல ஒத்து, மெய்யெழுத்துப் பெசகாம வாசிச்சான்பா. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். சிரிப்பு மட்டும் வரல" என்றார். அந்த வரி சிரிப்பு என்று நிரூபிக்க அவரிடம் என்ன சாட்சி இருக்க முடியும்? குரல் இருந்தது, முகம் இருந்தது, சாயங்கால வடை இருந்தது. எதையும் அந்த மேசைமேல் எடுத்து வைக்க முடியவில்லை. முழுப் பக்கத்தைக் காட்டினால், எல்லாமே குத்துதானே என்று கேட்டார்களாம்.

ஆற்ற முடியாமல் நான் ஹெலியிடம் சொன்னேன். அவர் அந்தப் படத்தைத் தன் கைப்பேசியில் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கத்திக்குத்து நிச்சயம் என்று வந்திருக்கிறது. "காவல்துறையிடம் சொல்லிவிட்டாயா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் காது குத்தை விளக்கினேன், தாய்மாமன் மடியை விளக்கினேன், காது குத்துவது என்றால் ஏமாற்றுவது என்றும் ஒரு பொருள் உண்டு என்றேன். ரொட்டியையும் நினைவூட்டினேன். அவர், அப்படியென்றால் இவர்கள் நண்பர்களா என்று கேட்டார். ஆம் என்றேன். அப்படியென்றால் அந்த நண்பர் போய்ச் சொன்னால் முடிந்துவிடுமே என்றார். ஃபின்லாந்துக்காரிக்கு ஒரு காஹ்வி நேரத்தில் விளங்கியது இது. ஹெலிக்குக் காது குத்து தெரியாததால் முதலில் புரியவில்லை. எங்கள் ஊரில் காது குத்தாதவர்களா இருக்கிறார்கள்? அங்கே தெரிந்தே புரியாதவர்களாக இருந்தார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

முருகேசன் அண்ணனை அன்றைக்கே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பிறகு வேறு ஓர் எண்ணிலிருந்து அவரே அழைத்தார், பக்கத்துக் கடைக்காரரின் கைப்பேசியாம்.

"ஏனுங்க தம்பி, வாத்தியாரு என்னைக் குத்துவாருன்னு நான் நம்புவனுங்களா? ஓட்டு முடியற வரைக்கும் வாயைத் தொறக்கப்படாதுன்னு கட்சியில சொல்லிப்போட்டாங்க. கடைக்கு முன்னால ரெண்டு ஆளை நிறுத்தியிருக்கறாங்க. எனக்குப் பாதுகாப்பாமாங்க."

பாதுகாப்பு யாரிடமிருந்து என்று கேட்டேன். "வாத்தியாருகிட்ட இருந்துதானுங்க" என்றார். சிரிக்க வேண்டிய இடம் அது. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. முப்பது வருடமாக அதே கட்சி, கடைக்கு வாடிக்கை அதே கட்சி, மகனுக்கு இப்போதுதான் ஒரு சின்னப் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். ஓட்டு முடிந்த மறுநாளே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று மூன்று தரம் சொன்னார். அதுவரை சார் என்ன செய்வார் என்று கேட்டேன். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதினால் வெட்கக்கேடு. சீட்டு எடுத்து ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றேன், விமான நிலையத்திலேயே உன்னைப் பிடித்து உட்காரவைத்தால் உன்னையும் சேர்த்து யார் பார்ப்பது என்று சார் திட்டினார். இங்கேயுள்ள தமிழ் நண்பர்கள், அந்த வரியை அழித்துவிடு என்றார்கள். அழித்தால் குற்றத்தை மறைத்ததாகும் என்று வேறு சிலர் சொன்னார்கள். அழிக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை, போகவும் இல்லை. உருளைகள் சரியான வேகத்தில் சுற்றுகின்றனவா என்று பார்த்தேன். ஊரில் மாட்டிக்கொண்ட சார், நண்பர் என்ற உரிமையில் என்னைப் பேசாதிருக்கச் சொல்கிறார், நானும் பேசாமல் இருக்கிறேன். கையாலாகாதவன் என்ற சொல்லை நான் பலரைப் பற்றி எழுதியிருக்கிறேன். அது உடம்பில் எங்கே வலிக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

முருகேசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதில் குறை சொல்ல முடியாது. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் காவல் நிலையத்துக்குப் போய், அது விளையாட்டு, எனக்கு மிரட்டல் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வழக்கு பதிவாகாமலே முடிந்தது. சாருக்கு வேலை பிழைத்தது. இனிமேல் இணையத்தில் அரசியல் எழுத மாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட வேண்டியிருந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இனி சாயங்கால வடை பாக்கி, மற்றதெல்லாம் அதில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் முருகேசன் தன் வலைப்பூவில் ஒரு பதிவு போட்டார். "மதிப்பிற்குரிய ஆசிரியர் திரு. ஞானப்பிரகாசம் அவர்களுக்கு என்னால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு என் மனப்பூர்வமான வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்." அவ்வளவுதான். குத்து இல்லை, வகையறா இல்லை, டிஸ்கி இல்லை. பாவம், நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். இனி யாரும் கத்தரிக்க முடியாதபடி எழுத வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். கத்தரிக்கத்தான் அதில் ஒன்றும் இல்லையே. எங்கள் கூட்டத்தில் எவரும் இதுவரை எவரையும் 'அவர்கள்' போட்டு எழுதியதில்லை.

நான் கூப்பிடுவதற்குள் சாரே கூப்பிட்டுவிட்டார். பள்ளிக்கூட மணிச் சத்தம் கேட்டது.

"படிச்சியாப்பா? திரு போட்டு, அவர்கள் போட்டு எழுதிப்புட்டான்" என்றார். "காவல் நிலையத்துல வெஞ்சில ஒக்காந்திருந்தப்பக்கூட எனக்கு இம்புட்டு வலிக்கல. அவனுக்கும் எனக்கும் இடையில மரியாதை வந்துருச்சுப்பா."

போய் ஒரு தேநீர் குடித்துப் பேசுங்கள் சார் என்றேன். குடித்தார்களாம். முருகேசன் இவருக்குத் தனி வடை வாங்கிக் கொடுத்தாராம். சௌக்கியமுங்களா என்று கேட்டாராம், இந்த வருடம் மழை எப்படி என்று பேசினார்களாம். எனக்கு அதற்குமேல் கேட்கத் தைரியம் வரவில்லை. வேட்பாளர் ஜெயித்தாரா தோற்றாரா என்று நீங்கள் கேட்கலாம். அதை வைத்துக் கலாய்க்க ஆள் இல்லாத பிறகு, அது எனக்கு ஒரு சேதியாகவே படவில்லை.

இப்போதும் காஹ்வி நேரத்தில் சாரின் வலைப்பூவைத் திறந்து பார்க்கிறேன். பழைய பதிவுகள் இருக்கின்றன. எந்தப் பதிவுக்குக் கீழேயும் பின்னூட்டப் பெட்டி இல்லை, சார் மூடிவிட்டார். என் தலைக்குள் தினமும் ஒரு குத்து தயாராகிறது. மழை, பேருந்து, சாருக்கு வந்த புதுக் கண்ணாடி என்று எதைப் பார்த்தாலும் ஒன்று வந்துவிடுகிறது. அவர் கடைசியாக எனக்கு வைத்தது இரண்டு. நான் மூன்று வைக்க வேண்டும்.

போன வாரம் ஹெலி என் மேசைக்கு வந்தார். நான் பனிக்குப் பயந்து இரண்டு குல்லாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நான் ஒன்று சொல்லப்போகிறேன், அது உண்மை இல்லை, விளையாட்டு, சொல்லலாமா என்று அனுமதி கேட்டார். நாங்கள் டிஸ்கியைக் கடைசியில் போடுவோம், இவர் முதலிலேயே போட்டுவிட்டார். சொல்லுங்கள் என்றேன். "உனக்கு இரண்டு தலையா?" என்றார். சொல்லிவிட்டு, சரியாக வந்ததா என்று பரீட்சை எழுதிய பிள்ளை போல என் முகத்தையே பார்த்தார். நன்றாக வந்தது என்றேன். சிரித்தேன். கண்ணில் நீர் வந்ததற்குக் குளிரைக் காரணம் சொன்னேன். அவர் அதையும் நம்பினார்.

சாயங்காலம் கதவருகே ஹெலி மொய் மொய் என்றார். நானும் மொய் மொய் என்றேன். இரண்டில் ஒன்று அவருக்கு. மற்றதைத் திண்டுக்கல்லில் வைக்க இடமில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பனியில் பேருந்துக்கு நடந்தேன்.